அலுவலக நிர்வாக வேலைக்குப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலக வேலையில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதில் பாதிக் காலம், புதிதாகச் சேர்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை சொல்லிக் கொடுத்ததிலேயே போனது. அவர்கள் கேட்டதையும், இந்தத் துறைக்கு வரலாமா என்று யோசிப்பவர்கள் கேட்டதையும் இங்கே சேர்த்திருக்கிறேன். எனக்கு முக்கியமாகப் பட்டவற்றுக்கு நீளமாகவும் மற்றவற்றுக்கு இரண்டு வரியிலும் பதில் இருக்கும்.

அலுவலக நிர்வாகம் என்றால் உண்மையில் என்ன வேலை? ரிசப்ஷனில் உட்காருவதா, டைப் அடிப்பதா, கணக்கு எழுதுவதா?

இடத்தைப் பொறுத்து மூன்றும்தான். காலையில் கூரியர்காரர் வந்து நிற்பார். கையெழுத்து போட்டு வாங்கித் தபால் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதற்குள் ஃபோன் அடிக்கும். பிரிண்டரில் காகிதம் சிக்கியிருக்கும். பத்து மணிக் கூட்டத்துக்கு ஆறு பேர் என்று சொன்னது எட்டாகியிருக்கும், நாற்காலி இரண்டு குறையும். இவை எல்லாமே உங்கள் தலையில் விழும்.

இந்த வேலையின் அளவுகோல் ஒன்றே ஒன்று என்று நினைக்கிறேன். ஒரு விஷயம் உங்கள் மேசைக்கு வந்துவிட்டால், ‘அது என்ன ஆச்சு?’ என்று யாரும் மறுபடி கேட்க வேண்டி வரக் கூடாது. முடிந்திருந்தால் முடிந்தது என்று தகவல் போயிருக்க வேண்டும். முடியவில்லை என்றால் யாரிடம் நிற்கிறது, எப்போது தெரியும் என்று போயிருக்க வேண்டும். நீங்கள் எடுக்கும் பயிற்சி எதுவானாலும் அது இந்தப் பழக்கத்தை வளர்க்கிறதா என்று பாருங்கள்.

பட்டம் கட்டாயமா? டிப்ளமோ, சான்றிதழ் படிப்பு போதாதா?

பல இடங்களில் ஆரம்பநிலை வேலைக்குப் பட்டம் கேட்பார்கள், ஆனால் எந்தப் பட்டம் என்று அதிகம் பார்ப்பதில்லை. வேலைக்கான திறமை பெரும்பாலும் பட்டப் படிப்புக்கு வெளியேதான் வருகிறது. சான்றிதழ்களில் உலகம் முழுக்க அறியப்பட்டவை சில உண்டு. வேர்டு, எக்செல் போன்றவற்றுக்கு மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் ஸ்பெஷலிஸ்ட் என்ற தேர்வு இருக்கிறது. பொதுவான கணினித் திறனுக்கு ஐசிடிஎல் என்ற சான்றிதழ். நிர்வாகப் பணியாளர்களுக்கென்றே 1942-ல் அமெரிக்காவில் செயலாளர்கள் சங்கமாகத் தொடங்கி, இன்று ஐஏஏபி என்ற பெயரில் இயங்கும் அமைப்பு, சிஏபி என்ற சான்றிதழைத் தருகிறது. அதற்கு வேலை அனுபவமும் கேட்பார்கள், அதனால் முதல் வேலைக்கு முன்பே அதை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

இரண்டு பேர் சமமாக இருக்கும்போதுதான் சான்றிதழ் எடை கூட்டும். தேர்வு அறையில் உட்கார்த்திவைத்து ‘இந்தப் பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்துக் கொடுங்கள்’ என்று சொல்லும்போது அது கூட வந்து உட்காராது.

கோர்ஸில் சேர்வதற்கு முன் என்ன விசாரிப்பது?

பாடத்திட்டத்தை எல்லோரும் அழகாக அச்சடித்து வைத்திருப்பார்கள். அதைப் புரட்டிவிட்டு மூடிவிடுங்கள். போன முறை படித்தவர்கள் செய்த பயிற்சிகளைக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் எழுதிய கடிதம், கூட்டக் குறிப்பு, எக்செல் ஷீட் எதுவாவது. ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறாரா? திருத்தியதை மாணவர் மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறாரா? அப்படி இருந்தால் நல்ல இடம். எல்லாத் தாளிலும் ‘குட்’ என்று மட்டும் இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

அப்புறம், ஆளுக்கு ஒரு கணினியா, இரண்டு பேருக்கு ஒன்றா என்றும் கேளுங்கள். அடுத்தவர் தட்டுவதைப் பார்த்துத் தட்டச்சு கற்றவர் யாரும் இல்லை.

தட்டச்சு வேகம் எவ்வளவு இருக்க வேண்டும்?

நிமிடத்துக்கு 40 சொல் என்றால் பொதுவான அலுவலக வேலைக்குத் தாராளம். இங்கே ‘சொல்’ என்பது ஒரு கணக்கு: இடைவெளியும் சேர்த்து 5 தட்டல் ஒரு சொல். ஆக 40 சொல் என்பது நிமிடத்துக்கு 200 தட்டல். கேட்டால் பயமாக இருக்கும், தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் சில மாதத்தில் வந்துவிடும்.

வேகத்தைத் துரத்தாதீர்கள். விரலைச் சரியான இடத்தில் வைத்தால் வேகம் தானாக வரும். விசைப்பலகையில் எஃப், ஜே இரண்டின் மேலும் சின்ன மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். ஆள்காட்டி விரல்கள் அங்கே இருந்தால் மற்ற விரல்களுக்கு வீடு தெரிந்துவிடும். வலது பக்க எண் பலகையில் 5-ன் மேலும் அதே மேடு உண்டு. பில் தொகைகளை ஏற்றும் வேலைக்கு அந்த எண் பலகைதான் சோறு போடும், ஆனால் பயிற்சி வகுப்புகளில் அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

இன்று எல்லோரும் தட்டும் இந்த விசை வரிசை 1874-ல் ரெமிங்டன் விற்க ஆரம்பித்த தட்டச்சுப் பொறியோடு வந்தது. எழுதுவதற்கு வசதியான வரிசை இதைவிட வேறு இருக்கலாம் என்று டுவோராக் என்பவர் 1936-ல் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அதைக் கற்றுக்கொண்டால் வேறு யாருடைய கணினியிலும் உட்கார முடியாது என்பதுதான் சிக்கல்.

தமிழிலும் தட்டச்சு செய்யப் போகிறீர்கள் என்றால் யூனிகோடில் மட்டும் பழகுங்கள்; எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கும் எழுத்து முறை அது. பழைய எழுத்துரு முறைகளில் அடித்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். அப்போது யார் அனுப்பினார்களோ அவர்களைத்தான் திட்டுவார்கள்.

சுருக்கெழுத்து இன்னும் தேவையா?

பெரும்பாலான அலுவலகங்களில் தேவையில்லை. பிட்மன் முறை 1837-ல் வந்தது, கிரெக் முறை 1888-ல். நூறு வருடத்துக்கு மேல் அவை இல்லாமல் ஒரு செயலாளர் வேலையும் நடக்கவில்லை. இன்று நீதிமன்றம், சட்டமன்றம் போன்ற இடங்களிலும், தேர்வில் அதைத் தனியாகக் கேட்கும் பணிகளிலும்தான் பயன். வேறு இடத்துக்கென்றால் அந்த நேரத்தை எக்செலுக்குக் கொடுங்கள்.

எக்செல் எவ்வளவு தெரிந்தால் போதும்?

இதற்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன், ஏனென்றால் நான் பார்த்த பெரிய தவறுகளில் பாதி இங்கேதான் நடந்தது. முதல் தவறு என்னுடையது.

வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாதம். ஒரு விழாவுக்கு இருநூற்றுச் சொச்சம் பேருக்கு அழைப்பிதழ். ஒரு பத்தியில் பெயர், பக்கத்தில் முகவரி. பெயர்களை அகர வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். நான் பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினேன். எக்செல் ஒரு எச்சரிக்கைப் பெட்டி காட்டியது; படிக்காமல் தட்டிவிட்டேன். பெயர்கள் இடம் மாறின, முகவரிகள் அசையவில்லை. பட்டியல் பார்க்க அத்தனை அழகாக இருந்தது. உறையில் ஒட்டி அனுப்பியும் விட்டோம். மூன்றாம் நாள் ஒருவர் ஃபோன் செய்து, ‘என் வீட்டுக்கு வேற யாரோ பேர்ல பத்திரிகை வந்திருக்கே’ என்று கேட்டபோதுதான் எனக்கு வியர்த்தது. இருநூறு உறையும் மறுபடி. அன்றிலிருந்து வரிசைப்படுத்துவதற்கு முன் முழுப் பட்டியலையும் டேபிளாக மாற்றிவிடுவேன். டேபிளில் ஒரு வரி நகர்ந்தால் முழு வரியும் சேர்ந்தே நகரும். அதற்கும் முன்னால் ஷீட்டை ஒரு பிரதி எடுத்துத் தனியாக வைத்துவிடுவேன்.

எக்செல் நீங்கள் சொல்லாததையும் செய்யும், இதை மனதில் வையுங்கள். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை அடித்தால் முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும். எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும், 16 இலக்க எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். வங்கிக் கணக்கு எண், அட்டை எண், அடையாள எண் எதையும் ஏற்றுவதற்கு முன் அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும். ஏற்றிய பிறகு மாற்றிப் பயனில்லை, போன இலக்கம் திரும்ப வராது.

தேதி இன்னொரு தொல்லை. தேதி மாதிரி தெரிகிற எதையும் எக்செல் தேதியாக்கிவிடும். மரபணு ஆராய்ச்சியில் மார்ச்1, செப்ட்1 என்று பெயர்கள் இருந்தன. அவை ஷீட்டில் ஏறியதும் மார்ச் 1, செப்டம்பர் 1 ஆகிவிட்டன. வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல்களிலேயே இந்தப் பிழை புகுந்துவிட்டது. கடைசியில் 2020-ல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்றியது. விஞ்ஞானிகளே தோற்ற இடம் இது, நாம் ஜாக்கிரதையாக இருப்பதில் தவறில்லை.

அதே வருடம் அக்டோபரில் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கோவிட் தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டார்கள். காரணம், தகவல் பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பில் ஏற்றப்பட்டதுதான். அதில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை. இன்றைய வகையில் 10,48,576 வரி இருக்கிறது. வழிந்தது சத்தமில்லாமல் வெளியே போனது. யாராவது மேலே எத்தனை வரி வந்தது, கீழே எத்தனை வரி நிற்கிறது என்று எண்ணியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஒரு பட்டியலை இங்கிருந்து அங்கே மாற்றும் ஒவ்வொரு முறையும் வரி எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். பத்து விநாடி வேலை.

எவ்வளவு கற்க வேண்டும் என்று கேட்டீர்கள். கூட்டல், சராசரி, வடிகட்டுதல், நிபந்தனை வைத்து எண்ணுதல், ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றில் தேடி எடுக்கும் வீலுக்கப் அல்லது எக்ஸ்லுக்கப், பெரிய பட்டியலைச் சுருக்கித் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள். இவ்வளவு போதும். வீலுக்கப்பில் கடைசியாக ‘ஃபால்ஸ்’ போட மறந்தால் கிட்டத்தட்டப் பொருந்துவதைக் கொண்டுவந்து கொடுத்துவிடும், சம்பளப் பட்டியலில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாக ஓட வைக்கும் மேக்ரோ, ப்ரோகிராம் எல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு ஆசை இருந்தால் பார்க்கலாம்.

மெயில் எழுதுவதற்கும் பயிற்சி வேண்டுமா? எல்லோரும் எழுதுவதுதானே?

எல்லோரும் எழுதுகிறார்கள், அதனால்தான் வேண்டும். ஒரு மெயில் காட்டுகிறேன். தலைப்பு: ‘கூட்டம் சம்பந்தமாக’. உள்ளே: ‘வணக்கம். நாம் பேசியபடி கூட்டத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் வசதியைத் தெரிவிக்கவும்.’ பார்க்கக் குறை ஒன்றும் தெரியாது. ஆனால் இதற்குப் பதினோரு பதில் வரும். எந்தக் கூட்டம், எந்த நாள், எங்கே, எத்தனை நேரம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கேட்பார்கள்.

அதையே இப்படி எழுதலாம். தலைப்பு: ‘வாங்கல் குழுக் கூட்டம்: செவ்வாயா, புதனா? வெள்ளி மாலைக்குள் பதில் தேவை’. உள்ளே: ‘ஒரு மணி நேரம், இரண்டாம் மாடி அறை. செவ்வாய் காலை 11, புதன் மாலை 3, இரண்டில் எது முடியும் என்று வெள்ளி மாலை 5-க்குள் சொல்லுங்கள். பதில் வராதவர்களுக்கு இரண்டும் சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.’ இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் வரும்.

சிசி என்பது கார்பன் காப்பி. தட்டச்சுக் காலத்தில் இரண்டு தாளுக்கு நடுவே மைத்தாள் வைத்து எடுத்த பிரதியின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் சிசியில், செய்ய வேண்டியவர்கள் ‘டு’வில். நான்கு பேரை ‘டு’வில் போட்டால் நான்கு பேருமே மற்ற மூவர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுவார்கள். பிசிசி என்பது மற்றவர்கள் கண்ணில் படாமல் போகும் பிரதி. அது ஒன்றுக்கு மிகவும் நல்லது: ஒருவரையொருவர் அறியாத நூறு பேருக்கு ஒரே அறிவிப்பு போகும்போது, முகவரிகளை மறைப்பதற்கு. மேலாளருக்குத் தெரியாமல் போட்டுக் கொடுக்க அதைப் பயன்படுத்தாதீர்கள். மறைவில் இருப்பவர் ‘எல்லோருக்கும் பதில்’ அழுத்தினால் குட்டு உடைந்துவிடும்.

கூட்டக் குறிப்பு எழுதத் தெரியவில்லை. எல்லாவற்றையும் எழுதுவதா?

வேண்டாம். மினிட்ஸ் என்பது யார் என்ன பேசினார்கள் என்ற நாடக வசனம் கிடையாது. என்ன முடிவானது, யார் செய்வது, எப்போதைக்குள் என்பதுதான் அதன் உயிர்.

ஒரு பேச்சை எடுத்துக்கொள்வோம். ‘இந்த ஏசி ரொம்பச் சத்தம் போடுதே.’ ‘போன மாசமே சொன்னேன்.’ ‘சர்வீஸ்காரன் வந்துட்டுப் போனானே, என்ன சொன்னான்?’ ‘மாத்தணும்னான்.’ ‘விலை என்ன?’ ‘தெரியல.’ ‘சரி, மூணு பேர்கிட்ட விலை வாங்குங்க, அடுத்த கூட்டத்துல பார்ப்போம்.’ பத்து நிமிடம் ஓடிய இந்தப் பேச்சு குறிப்பில் ஒரு வரி: ‘கூட்ட அறை ஏசியை மாற்றுவது குறித்து மூன்று விலைப்புள்ளிகள் பெறப்படும். பொறுப்பு: நிர்வாகப் பிரிவு. அடுத்த கூட்டத்துக்கு முன்.’

இங்கே கவனியுங்கள், ‘மூணு பேர்கிட்ட விலை வாங்குங்க’ என்றபோது யாரைச் சொன்னார் என்று தெளிவில்லை. குறிப்பெடுப்பவர் அந்த இடத்திலேயே வாயைத் திறந்து, ‘இதை யார் பார்க்கிறதுன்னு எழுதிக்கட்டும் சார்?’ என்று கேட்க வேண்டும். புதியவர்களுக்கு இது பெரிய கூச்சம். இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகுவதுதான் மினிட்ஸ் பயிற்சியில் பாதி. அறையில் இருப்பவர்கள் மனதுக்குள் நன்றி சொல்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

குறிப்பு அன்றே போக வேண்டும், தவறினால் மறுநாள் மதியத்துக்குள். ஒரு வாரம் கழித்துப் போகும் குறிப்பை யாரும் படிப்பதில்லை, சண்டை வந்தால் மட்டும் தேடுவார்கள். வீட்டிலேயே பழகலாம்: வானொலியிலோ இணையத்திலோ அரை மணி நேர விவாதம் ஒன்றைக் கேட்டு, அரைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதல் முறை இரண்டு பக்கம் வரும்.

கோப்புகளை வைப்பதில் கற்க என்ன இருக்கிறது?

‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் உண்மையான ஃபைனல்’ என்று மூன்று கோப்பு உங்கள் கணினியில் இருக்கிறதா? இருந்தால் கற்க நிறைய இருக்கிறது.

பெயரின் முன்னால் தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் போடுங்கள்: 2025-04-03. ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம் சொல்வதும் இதுதான். இப்படிப் போட்டால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும், கணினியே அடுக்கிக் கொடுத்துவிடும். 03/04/2025 என்று எழுதினால் சிலருக்கு ஏப்ரல் 3, சிலருக்கு மார்ச் 4. கடிதத்தில் எழுதும்போது மாதத்தை எழுத்திலேயே எழுதிவிடுங்கள், சந்தேகத்துக்கு இடமே இருக்காது. தேதிக்கு அடுத்து யாருடையது, என்ன ஆவணம், எத்தனையாவது திருத்தம்: ‘2025-04-03_கூரியர்_பில்_தி2’. அவ்வளவுதான்.

காகிதக் கோப்பு இன்னும் போய்விடவில்லை. அங்கே ஒரு பழைய தந்திரம்: அலமாரியிலிருந்து கோப்பை எடுக்கும்போது, எடுத்தவர் பெயரும் தேதியும் எழுதிய அட்டை ஒன்றை அந்த இடத்தில் செருகிவிட்டு எடுப்பது. கோப்பு தொலைவது குறைவு, யாரோ மேசை டிராயரில் வைத்துக்கொண்டு மறந்துபோவதுதான் அதிகம்.

எதை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது உங்கள் நாட்டுச் சட்டத்தையும் நிறுவனத்தின் விதியையும் பொறுத்தது. வேலையில் சேர்ந்ததும் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் எதையும் கிழிக்காதீர்கள்.

கணக்கு படிக்கவில்லை. பணம் சம்பந்தப்பட்ட வேலை வருமா?

சில்லறைச் செலவுக் கணக்கு, அதாவது பெட்டி கேஷ், அநேகமாக உங்களிடம்தான் வரும். இதற்கு பி.காம் வேண்டாம். இம்ப்ரெஸ்ட் என்ற முறை உண்டு. உங்களிடம் 5,000 முன்பணமாகக் கொடுப்பார்கள். ஒவ்வொரு செலவுக்கும் வவுச்சர் எழுதி, ரசீதைப் பின் போட்டு, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்குவீர்கள். எந்த நிமிடத்தில் பெட்டியைத் திறந்தாலும் கையில் உள்ள பணமும் வவுச்சர்களும் சேர்ந்து 5,000 வர வேண்டும். வார முடிவில் வவுச்சர் 3,240, பணம் 1,760 என்றால் சரி. 3,240-ஐக் கேட்டு வாங்கினால் பெட்டி மறுபடி 5,000.

10 குறைந்தால் உங்கள் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டாதீர்கள். குறைகிறது என்று எழுதுங்கள். சொந்தப் பணத்தால் ஒரு முறை மூடிவிட்டால், 10 கூடும் அன்று எடுத்துக்கொள்ளலாம் என்று கை நீளும். அங்கிருந்துதான் எல்லாம் கெடுகிறது.

கேலண்டர் பார்ப்பது ஒரு திறமையா?

ஒரே ஊரில், ஒரே ஆளுக்கு என்றால் சுலபம். வேறு நாட்டினரோடு கூட்டம் என்றால் சிக்கல் ஆரம்பிக்கும். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி நேர வித்தியாசம் என்று மனப்பாடம் செய்திருப்போம். கோடைகால நேரத்துக்கு அமெரிக்கா மார்ச்சின் இரண்டாவது ஞாயிறில் மாறும், ஐரோப்பா கடைசி ஞாயிறில்தான் மாறும். நடுவில் இருக்கும் இரண்டு மூன்று வாரங்களில் வித்தியாசம் 4 மணி நேரம்தான். அந்த வாரங்களில் எத்தனையோ பேர் ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ வந்து காத்திருப்பார்கள். அழைப்பில் இரு ஊர் நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

அப்புறம், கூட்டங்களை ஒட்ட ஒட்ட வைக்காதீர்கள். ஒருவர் ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கவும், தண்ணீர் குடிக்கவும் பத்து நிமிடம் வேண்டும்.

எனக்குப் பேசக் கூச்சம். ஃபோன் எடுக்கவே பயம். இந்த வேலை சரிப்படுமா?

சரிப்படும். நான் பார்த்த சிறந்த நிர்வாகப் பணியாளர்களில் பலர் அதிகம் பேசாதவர்கள். ஃபோனில் கலகலப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சொன்னதைத் திருப்பிச் சொன்னால் போதும். ‘உங்க நம்பர் கடைசி மூணு இலக்கம் நாலு, ஏழு, ஏழு. சரியா? வியாழன் காலைல திரும்பக் கூப்பிடணும், பில் விஷயமா. நான் சொல்லிடறேன்.’ இப்படி ஒருமுறை சொல்லி முடிப்பதற்குள் பாதித் தவறு திருத்தப்பட்டுவிடும். ஃபோன் பக்கத்தில் நாலு கட்டம் போட்ட சீட்டு வைத்துக்கொள்ளுங்கள்: யார், எந்த நிறுவனம், எதற்கு, எப்போது கூப்பிட வேண்டும். கட்டம் நிரம்பாமல் ஃபோனை வைக்காதீர்கள். பயம் இரண்டு வாரத்தில் போய்விடும்.

ரகசியம் காப்பது பற்றிக் கோர்ஸில் சொன்னார்கள். நடைமுறையில் என்ன?

பிரிண்டரில் சம்பளப் பட்டியலை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதது. இருக்கையை விட்டு எழும்போது திரையைப் பூட்டுவது. ‘அவருக்கு எவ்வளவு ஏத்தினாங்க?’ என்று நண்பர் கேட்டால், தெரிந்தாலும் ‘நான் அதைப் பார்க்கலையே’ என்று பொய் சொல்லாமல், ‘அதை நான் சொல்ல முடியாது’ என்று சிரித்துக்கொண்டே சொல்வது. முதல் தடவை முகம் சுளிப்பார்கள். அப்புறம் தங்கள் விஷயத்தையும் உங்களிடம் நம்பிக் கொடுப்பார்கள்.

ஏஐ வந்துவிட்டது. இந்த வேலையே இருக்குமா?

மெயில் வரைவு, மினிட்ஸ் சுருக்கம், மொழிபெயர்ப்பு எல்லாம் இப்போது கருவிகளே செய்கின்றன. தட்டச்சு மட்டும் தெரிந்தவருக்கு இடம் குறையும் என்பதை மறைத்துப் பயனில்லை. ஆனால் கருவி எழுதிய மினிட்ஸில், யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு வேலைக்கு ஒருவர் பெயரைப் போட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் இருந்தவர் படித்ததால் பிடிபட்டது. வரைவை அதனிடம் வாங்குங்கள், பெயர், தேதி, தொகை மூன்றையும் நீங்களே மூலத்தோடு ஒப்பிடுங்கள். நிறுவனத்தின் ரகசியத் தாள்களை அனுமதி இல்லாமல் வெளிக் கருவிகளில் ஏற்றாதீர்கள்.

எட்டு பேர் வருகிறார்கள், நாற்காலி ஆறுதான் என்று கவனிக்கிற ஆள் அறையில்தான் இருக்க வேண்டும். அந்தப் பகுதி இப்போதைக்கு எங்கும் போகாது.

அனுபவமே இல்லை. ரெஸ்யூமேயில் என்ன எழுதுவது?

‘கடின உழைப்பாளி, குழுவாகப் பணிபுரிபவர்’ என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். கல்லூரி விழாவுக்கு நீங்கள் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தால், ‘180 பேர் பதிவுப் பட்டியலும் வரவு செலவுக் கணக்கும் பராமரித்தேன்’ என்று எழுதுங்கள். குடியிருப்புச் சங்கத்துக்கு மூன்று கூட்டத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும் அனுபவம்தான். அப்படி ஒன்றும் இல்லையென்றால் இன்றைக்கே ஏதாவது சங்கம், நூலகம், சேவை அமைப்பு ஒன்றில் போய்க் கேளுங்கள். கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் ஆள் வேண்டாம் என்று சொல்லும் இடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

இன்டர்வியூவில் பெரும்பாலும் சின்னத் தேர்வு ஒன்று வைப்பார்கள்: கடிதம் ஒன்று, ஷீட் ஒன்று, சில நேரம் ஒரே நேரத்தில் வந்த ஆறு வேலைகளை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எது யாருடைய வேலையை நிறுத்தி வைத்திருக்கிறது என்று பார்த்து அடுக்கினேன் என்று காரணத்தோடு சொல்லுங்கள். காரணத்தைத்தான் கேட்கிறார்கள்.

நாற்பது வயதில், பத்து வருட இடைவெளிக்குப் பிறகு வரலாமா?

வரலாம். வீட்டை நடத்தியவர்களுக்கு ஒரே நேரத்தில் நான்கு விஷயத்தைத் தலையில் வைத்துக்கொள்ளச் சொல்லித்தர வேண்டியதில்லை. மென்பொருளை மட்டும் புதுப்பித்துக்கொள்ளுங்கள், மூன்று மாதம் போதும். உங்களைவிடப் பதினைந்து வயது சின்னவர் மேலாளராக இருப்பார், அதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

இதிலிருந்து மேலே போக வழி உண்டா?

உண்டு. நிர்வாகச் செயலாளர், அலுவலக மேலாளர் என்று நேர் வழியும், மனிதவளம், கொள்முதல், திட்ட ஒருங்கிணைப்பு என்று பக்க வழிகளும் இருக்கின்றன. நிறுவனத்தில் எல்லாப் பிரிவின் காகிதமும் உங்கள் கை வழியாகப் போகும். எந்தப் பிரிவின் காகிதத்தைப் படிக்க உங்களுக்கே ஆர்வம் வருகிறதோ அந்தப் பக்கம் நகருங்கள்.

வேலை கிடைத்துவிட்டது. முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

ஒரு நோட்டு வாங்குங்கள். யாராவது எதையாவது சொல்லிக் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள்: பிரிண்டர் மை எங்கே இருக்கிறது, கூரியர் எத்தனை மணிக்கு வரும், எந்த மேலாளருக்குக் காலையில் முதல் அரை மணி நேரம் யாரும் வரக் கூடாது. ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்காமல் இருக்க இது உதவும்.

உங்களுக்கு முன் அந்த இருக்கையில் இருந்தவர் இன்னும் அங்கேயே இருந்தால், அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். ‘எனக்கு என்னென்ன வேலை?’ என்று கேட்டால் மேலோட்டமாகப் பட்டியல் சொல்வார். ‘நீங்க லீவு போட்ட அன்னைக்கு எது நின்னு போச்சு?’ என்று கேளுங்கள். கொஞ்சம் யோசிப்பார். அப்புறம் சொல்வதை எல்லாம் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.